சிதோனியின் தோட்டத்துக் கல்லறை

"ஜட்ஜம்மா, திரிஸுக்கு விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க!"

சிதோனி கத்திக்கொண்டே மருந்துக்கடைக்குள் நுழைந்தாள். இருமல் மருந்துக்குக் காத்திருந்த ஓய்வுபெற்ற பெண் நீதிபதி அல்பான் நாற்காலியைக் காட்டினார். கடைக்காரர் ஃபுல்க்ரான் காதைத் தீட்டிக்கொண்டார். வால்பெருஸ் ஊரில் அல்பானுக்குத் துப்புத் துலக்க உதவத் தன்னைவிட்டால் ஆளில்லை என்பது அவர் நினைப்பு.

சிதோனியின் தோட்டத்தில் அவள் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையை யாரோ தோண்டியிருந்தார்கள். எலும்புகள் ஒரு சாக்கில், வேலையாள் திரிஸின் குடிசைக்குப் பின்னால் கிடைத்தன. திரிஸ் மொராக்கோ நாட்டு முஸ்லிம். போலீசாருக்கு வேறென்ன வேண்டும்?

கத்தோலிக்க அரசர்கள் காலத்தில் புராட்டஸ்டன்ட் பிணத்துக்கு இந்த ஊர் இடுகாட்டில் ஆறடி மண் தரவில்லை. அவரவர் தோட்டத்தில் புதைத்தார்கள். பிறகு இடுகாடு எல்லோருக்கும் திறந்தது. வீம்பு மட்டும் போகவில்லை. சிதோனி குடும்பத்தார் தோட்டத்திலேயே தொடர்ந்து புதைத்தார்கள். அங்கிருந்தும் துரத்தினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"இது உங்க தம்பி ஏலியோட வேலைதான்," என்றார் ஃபுல்க்ரான். "கல்லறையால விலை போகாத நிலத்தை வித்துத் தொலைக்கணும்னு அலையறாரே!"

"துணை மேயர் கஸ்பார் மட்டும் என்ன?" சிதோனி பொரிந்தாள். "கல்லறை போனாத்தானே அவன் ரோடு போட முடியும்!"

மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். போலீசார் எடுத்துவைத்த சாக்கு அங்கே கொட்டகையில் இருந்தது. எலும்புகளின் மேல் சிறிய இலைகளுடன் காய்ந்த கிளை ஒன்று.

"அதுல என்ன இருக்கு? செத்தவங்களோட வைக்கிறதுதானே," என்றார் ஃபுல்க்ரான்.

"யாரு வைப்பாங்க?"

"எல்லாரும்தான். குருத்து ஞாயிறுக்கு ஓலைக்குப் பதிலா இந்தக் கிளையைத்தான் கோயில்ல மந்திரிச்சு வாங்கி, வாசல்ல..." ஃபுல்க்ரான் நிறுத்திக்கொண்டார்.

"எங்க புராட்டஸ்டன்ட் வீட்டுல அந்தக் குப்பையை எவனும் தொடமாட்டான்!" என்றாள் சிதோனி.

திரும்பும் வழியில் சிதோனியும் ஃபுல்க்ரானும் பின்தொடர, அல்பான் ஒவ்வொரு கத்தோலிக்க வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கதவுகளின் மேல் காய்ந்த கிளைகள் தொங்கின. கஸ்பாரின் வாசலில் வெறும் ஆணி. அல்பான் அங்கேயே நின்று போலீஸ் அதிகாரியையும் ஏலியையும் வரவழைத்தார். சத்தம் கேட்டுக் கஸ்பாரும் வெளியே வந்தார்.

"எலும்பைச் சாக்குல போட்டவன் செத்தவருக்குப் பயந்திருக்கான்," என்றார். "மந்திரிச்ச கிளை இல்லாம மூட மனசு வரலை. திரிஸுக்கு அது வெறும் சுள்ளி. ஏலி புராட்டஸ்டன்ட், அதைத் தொடவே மாட்டார். இதைச் செஞ்சவன் கத்தோலிக்கன். ரோடு வேணும்னு துடிக்கிறவன். கஸ்பார், பழைய கிளையை அடுத்த குருத்து ஞாயிறு வரைக்கும் எடுக்கமாட்டீங்களே. உங்களது எங்கே?"

கஸ்பாரின் முகம் வெளுத்தது. ஆணியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"தப்புதான் ஜட்ஜம்மா. ஆனா நான் மிருகம் இல்ல. பெரியவரை அப்படியே போட்டுட்டு வர மனசு கேக்கலை. ஜெபம்கூடச் சொன்னேன்."

ஃபுல்க்ரானுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. தன் கையும் அந்தக் கிளையை வைத்திருக்கும் என்று தோன்றியது.

சிதோனி கஸ்பாரின் சட்டையைப் பிடித்தாள்.

"எலும்புக்கு ஜெபம் சொன்ன வாயி, திரிஸுக்கு விலங்கு மாட்டுறப்போ எங்கடா போச்சு? தெருவுல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தே!"

கஸ்பார் சட்டையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"நட ஸ்டேஷனுக்கு," என்றாள். "நீயே சொல்லி அவனைக் கூட்டிட்டு வா."