ரேடியோ நிற்காத வார்டு

பூட்டிக் கிடந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். நான் ஆவணப்படம் எடுப்பவன். இதைச் சொன்னதும் உங்களுக்கு என்ன தோன்றுமோ, அதேதான் என் மனைவியின் அண்ணனுக்கும் தோன்றியது. "மாப்ள, நீங்க எடுக்குற படத்தை நீங்களே உக்காந்து பாக்குறதுக்கு, என் டயர் கடையில வந்து உக்காரலாமே" என்பார். இந்தப் படத்தையும் டிவிக்காரர்கள் திருப்பி அனுப்பினால் டயர் கடைதான் என்று மனைவியும் முடிவு கட்டியிருந்தாள்.

பெண்கள் வார்டில் துருப்பிடித்த கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. பினாயில் வாடை அடித்தது. மூடிப் பல வருடமான இடத்தில் பினாயில் ஏன் மணக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை.

அங்கே கடைசிவரை வேலை பார்த்த நர்ஸ் அம்மாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். கல்லில் நார் உரிப்பதுபோல் இருந்தது.

"இங்க நிறைய பேர் இறந்திருப்பாங்களே?"

"ஆஸ்பத்திரின்னா இறக்கத்தான் செய்வாங்க."

"உங்களால மறக்க முடியாத நோயாளி?"

அவர் ஜன்னலோரத்துக் கடைசிக் கட்டிலை ஒருதரம் பார்த்தார். "அப்படி யாரும் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை வைத்துக்கொண்டு எந்த டிவிக்காரன் வாசலில் போய் நிற்பது?

பேட்டி முடிந்ததும் அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வது எங்கள் வழக்கம். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த மௌனத்தைப் பூசினால் ஒட்டு தெரியாது. எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னேன்.

நர்ஸ் அம்மா எழுந்துவிட்டார்.

"அது மட்டும் வேண்டாம் தம்பி. இந்த வார்டுல நாங்க சத்தத்தை அடங்க விட்டதே இல்ல. ராத்திரி பகலா ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும்."

"எதுக்கு?"

"அடங்கினா அந்தக் கட்டில்காரி பேச ஆரம்பிச்சிடுவா."

கேமராவை நிறுத்திய பிறகுதான் இவர்களுக்கெல்லாம் வாய் திறக்கும். "அம்மா, இதையே இன்னொரு தடவை கேமரா முன்னால சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் மௌனத்தைப் பதிவு செய்தோம். ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ஒலிப்பதிவாளர் திரும்பித் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"யாரோ மூச்சு வாங்குறாங்க சார்."

"நான்தான்யா, ஆத்திரத்துல."

எடிட்டிங் அறையில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் படம் முழுக்கப் பூசினோம். முதலில் பூசிய வெட்டில் மூச்சுச் சத்தம் எங்கோ தூரத்தில் இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது.

ஒரே பதிவு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் கேட்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் அந்த மூச்சு நெருங்கி வந்தது.

எடிட்டர் என்னைப் பார்த்தார். படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். டயர் கடையும் கண் முன்னால் நின்றது. "மைக் கோளாறு, அனுப்பிடு" என்றேன்.

சில நாள் கழித்துக் காலையில், மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனபின், டிவி அதிகாரி போன் செய்தார்.

"அசந்துட்டோம் சார். படத்தை எடுத்துக்குறோம். அதுவும் கடைசியில ஒரு பொண்ணு பேசுதே, முகத்தைக் காட்டாம குரலை மட்டும் விட்டீங்க பாருங்க, அதுதான் சார் படம்."

"எந்தப் பொண்ணு?"

"ஜன்னலோரக் கட்டில்ல இருந்தவங்க. ரேடியோ சத்தத்துல, தான் கூப்பிட்டது யாருக்குமே கேக்காம போச்சுன்னு சொல்றாங்களே, அவங்கதான்."

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் நான் எடுக்காத பேட்டிக்கு. பயத்துக்கு முன்னால் எனக்கு அழுகைதான் வந்தது.

"சார், அப்படி யாரும்..."

"பக்கத்துலதான் இருக்காங்க போல. மூச்சு வாங்குறது கேக்குதே. போனை அவங்ககிட்ட கொடுங்க, ஒரு வார்த்தை பாராட்டிடறேன்."

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பினாயில் வாடை.

திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி, அலமாரியில் இருந்த ரேடியோவைத் தடவிப் பிடித்து ஆன் செய்தேன். சத்தத்தை முழுக்கத் திருகினேன். பாட்டு அலறியது.

"அதை நிறுத்துங்க. நான் இன்னும் பேசி முடிக்கல."

அந்தக் குரல் போனிலிருந்து வரவில்லை.