கழுவி எடுத்த கரி

அம்மா சுவரோடு கன்னத்தை உரசிக்கொண்டே நடந்தாள். சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சரசரப்பு அறையிலிருந்து கிளம்பி, வலப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் திரும்பி, கடைசியில் இடப்பக்கமாகச் சமையலறை மூலையில் போய் நின்றதைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள். போன மாதம்வரை அம்மாவுக்குக் குளியலறைக்கு வழி தெரியாது. பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்பாள். இப்போது தானாக நடக்கிறாள். சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் மகள் அந்தத் திருப்பங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு எலிகளோடு வேலை. மூளைச் செல்கள் துருவேறிச் சாகாமல் காக்குமென்று, கண்ணுக்கே தெரியாத நானோ கரித்துகள்களை மறதி பிடித்த எலிகளுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அட்டையில் அவளே செய்த புதிர்ப்பாதையில் அவை பிஸ்கட் தூளைத் தேடி வழி தவறாமல் ஓடின. சோதனை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துத் தூக்கி, "வலிக்காது கண்ணு" என்று சொல்லிக் கழுத்தை ஒடிப்பதும் அவள்தான். பாவம் பார்த்தால் பிழைப்பு நடக்குமா?

மனிதர்களுக்கு இந்த மருந்து வரப் பத்து வருஷம் ஆகுமென்றார் ஆராய்ச்சித் தலைவர், ஏதோ பஸ் தாமதம் என்பதுபோல. அம்மாவுக்கு ஏது அவ்வளவு நாள்? ஒரே ஒரு தடவை அம்மா தன்னை அடையாளம் கண்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. புதுக் கரியைப் பூட்டி வைத்திருந்தார்கள். செத்த எலிகளின் மூளையிலிருந்து பிரித்துக் கழுவி, மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் பழைய கரியை யாரும் கவனிப்பதில்லை. அதைத்தான் கொண்டுவந்து அம்மாவுக்கு ஊசியில் ஏற்றினாள். கழுவியதுதானே, சுத்தமாக இருக்குமென்று நினைத்தாள்.

வலம், வலம், இடம். புதிர்ப்பாதையும் அப்படித்தான் போகும்.

சமையலறை விளக்கைப் போட்டாள். மரத்தூளும் மூத்திரமும் கலந்த வாடை. ஆய்வகத்து எலிக்கூண்டின் வாடை. அம்மா குந்தியிருந்தாள். தரையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா... என்னைத் தெரியுதா?"

அம்மா நிமிர்ந்தாள். எத்தனை நாள் ஏங்கிய பார்வை! ஆளைத் தெரிந்துகொண்ட பார்வை. ஆனால் அது மகளின் முகத்தில் இல்லை. கைகளில் இருந்தது.

"தெரியுது."

"யாரு சொல்லும்மா?"

அம்மா மூலையில் ஒண்டினாள். அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வலிக்காது வலிக்காதுன்னு சொல்லுவ. ஒவ்வொரு தடவையும் வலிச்சுது."

மகள் தன் கைகளைப் பார்த்தாள்.

அம்மா குனிந்தாள். நரைமுடியை ஒதுக்கினாள். பிடரியைக் காட்டிக்கொண்டு, அசையாமல் காத்திருந்தாள்.