பற்றரி கழற்றிய போன்

“நேற்று நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள நிக்குது” என்று வினோதன் கட்டாரிலிருந்து சொன்னபோது, சுரேகா குசினியில் குந்தியிருந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் சுளகின் மேல் கிடந்தது. அவளுடைய கை அப்படியே நின்றுவிட்டது.

நேற்று முழுவதும் மழை. அக்கராயன் கிராமத்தில் காலையிலிருந்து பொழுதுபடும்வரை யாருடைய போனிலும் ஒரு கோடு சிக்னல்கூட வரவில்லை. அவனோடு கதைக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் அவள் ஒழுங்காகச் சாப்பிடக்கூட இல்லை.

“நேற்று நான் உங்களோட கதைக்கேல்லையே.”

“பகிடி விடாதையடி. ஒரு மணித்தியாலம் கதைச்சனீ. சரி, வேலைக்கு நேரமாகுது, வைக்கிறன்.”

வைத்துவிட்டான். ஆறு வருடமாகப் பாலைவன வெயிலில் லொறி ஓட்டுகிற மனிதனுக்கு நாளும் கிழமையும் குழம்புவது ஒன்றும் அதிசயமில்லை என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கணவன் வருகிற வெள்ளிக்கிழமை வருகிறான். லீவில் அல்ல, ஒரேயடியாக. அந்த ஒரு நாளுக்காக ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு இந்தச் சின்னப் பிசகு பெரிதாகப் படக்கூடாது. ஆனாலும் பட்டது.

எல்லாம் போன கிழமை அந்தப் புதுப் போன் வந்த பிறகுதான். போன் கொம்பனி விஷயத்தில் வினோதன் கட்சி மாறியவன். கட்சி மாறுகிறவர்களுக்கு வருமே ஒரு வேகம், அந்த வேகத்தில் பழைய கொம்பனியைத் திட்டித் தீர்த்தான். “அந்தக் குப்பையைத் தூக்கி எறி. கமரா, ஸ்பீட், எல்லாத்துக்கும் இதுதான் திறம்” என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் புதுப் போனைக் கொடுத்துவிட்டான். சுரேகா அதைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், போன் கடை சுதாகரனிடம் எல்லாவற்றையும் மாற்றித் தரச் சொன்னாள்.

“படம் வரும் அக்கா, நம்பர் வரும். இந்தக் ‘கூடல்’ ஆப்பில இருக்கிற வொய்ஸ் மட்டும் வராது” என்றான் அவன். “அது பழைய கொம்பனியின்ரை ஆப். இவங்கள் அதை உள்ளுக்கு விடமாட்டாங்கள். ரெண்டு கொம்பனிக்கும் போட்டி, இடையில கிடந்து முழிக்கிறது நாங்கள்.” பழைய போனின் முதுகைத் திறந்து, ஊதிப்போயிருந்த பற்றரியைக் கழற்றி எறிந்தான். “இதை வைச்சிருந்தால் வெடிக்கும். போனையும் தந்திட்டுப் போங்கோ, பார்ட்ஸுக்கு உதவும்.”

அவள் கொடுக்கவில்லை. அந்தக் ‘கூடல்’ ஆப்பில்தான் அவளுடைய ஆறு வருடம் கிடந்தது. தமிழில் தட்டி எழுத அவளுக்குப் பொறுமை இல்லை. கடலை உடைக்கும்போதும் அரிசி களையும்போதும் வாய் ஓயாமல் வொய்ஸ் அனுப்பிக்கொண்டே இருப்பாள். அவன் நேரம் கிடைத்தால் கேட்பான். முதல் வருடத்துக் கொஞ்சல், பாட்டு, சிரிப்பு, அவன் லீவில் வந்து போன பிறகு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுத அழுகை, எல்லாம் அதற்குள். இந்தப் பக்கத்துச் சனம் பெயர் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியையும் எறியாது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடி ஓடி, ஒரு பதிவுத் துண்டு இல்லாமல் பட்ட பாடு அப்படி. எந்த வீட்டிலும் தூக்கிக்கொண்டு ஓட ஆயத்தமாக ஒரு பை இருக்கும். சுரேகாவின் அலுமாரியிலும் இருந்தது: காணி உறுதி, குடும்ப அட்டை, பிறப்புப் பத்திரங்கள். அதற்குள் பழைய போனையும் வைத்துப் பூட்டினாள். அதுதான் அவள் விட்ட பிழை.

புதுப் போனோ அவளை ஏற்கவே இல்லை. விரல் ரேகை கேட்டது. வைத்தாள். ‘விரலைத் துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள்’ என்றது. சின்ன வயதில் அரிவாள் வெட்டித் தழும்பான கட்டைவிரல் தொடக்கம் பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. “கடலை உடைக்கிற கைக்கு ரேகை நிக்காது அக்கா” என்று சிரித்துவிட்டு, சுதாகரன் நம்பர் பூட்டுப் போட்டுக் கொடுத்தான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

புதன்கிழமை மத்தியானம் கொடியில் உடுப்பு எடுக்கப் போனபோது, பக்கத்து வளவு வீரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைச் சிமிட்டினாள்.

“மனுசன் வாற சந்தோசம் போல. காலமை என்ன பாட்டும் சிரிப்பும்! எனக்கே வெக்கமாப் போச்சு.”

“காலமை நான் வீட்டில இல்லையே அக்கா. புது விரிப்பு ஒண்டு வாங்கக் கிளிநொச்சிக்கெல்லே போனனான்.”

வீரம்மாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. “அப்ப ஆர் பிள்ளை உன்ரை குரலில பாடினது?”

சுரேகா உடுப்பை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் மழை மறுபடி இறுக்கிப் பிடித்தது. நாலு மணிக்கே வீடு இருண்டுவிட்டது, கரண்டும் போய்விட்டது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல், ஈரச் சுவரின் புழுங்கல் மணம், அணையப்போன அடுப்பின் புகை, தூரத்தில் குளம் நிரம்பி வான் பாய்கிற முழக்கம், எல்லாம் சேர்ந்து வீட்டை நாலு பக்கமும் அடைத்துக்கொண்டன. கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டி வைத்திருந்தாள். டொக். டொக். ஒரு துளி விழுந்து, அது அடங்கி, அடுத்தது விழும். அதையே கேட்டுக்கொண்டிருந்தவள் மழை விட்டதைக் கவனிக்கவில்லை. ஒழுக்கு நின்றிருந்தது. சட்டித் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

டொக்.

‘கூடல்’ ஆப்பில் வொய்ஸ் வந்தாலும் இதே சத்தம்தான் எழும். தண்ணீர்த் துளி விழுகிற சத்தம்.

டொக். அறைக்குள்ளிருந்து.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தாள். பூச்சி உருண்டை மணத்தோடு இன்னொரு மணமும் வந்தது. கல்யாணமான புதிதில் அவள் பூசிய பவுடர். அதை விட்டு நாலு வருடமாயிற்று. பையை அவிழ்த்தாள். போன் சூடாக இருந்தது. யாரோ நெடுநேரம் கன்னத்தில் வைத்துக் கதைத்துவிட்டு இப்போதுதான் வைத்தது போன்ற சூடு. திருப்பிப் பார்த்தாள். பற்றரி இருந்த இடம் வெறும் பள்ளம். திரை கறுப்பு.

அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“இஞ்சேருங்கோ… சாப்பிட்டீங்களோ?”

அவளுடைய குரல்தான். ஆனால் இருபத்தாறு வயதுக் குரல். களைப்பு ஏறாத, குறை சொல்லத் தெரியாத குரல்.

பிறகு வினோதன். “சாப்பிட்டன் குஞ்சு. நீ?”

அவன் அவளைக் குஞ்சு என்று கூப்பிட்டு எத்தனை வருடம்! பயத்துக்கு நடுவிலும் அதுதான் முதலில் சுட்டது. போனைப் பைக்குள் திணித்து, அலுமாரியைப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள். புதுப் போனை எடுத்து அவனை அழைத்தாள். இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தான்.

“இஞ்சை ஏதோ பிழையாக் கிடக்கு. என்ரை பழைய போனிலை இருந்து ஆரோ உங்களோட கதைக்கினம். அது நானில்லை.”

அந்தப் பக்கம் லொறி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கேக்குதே? அது நானில்லை!”

“தெரியும்” என்றான் வினோதன்.

அவன்தான் தொடர்ந்தான். “அண்டைக்கு நீ கதைக்கேல்லை எண்டு சொன்ன நேரமே எனக்குத் தெரியும். நீ கதைச்சால் ஒண்டில் கூரை ஒழுகுது எண்டுவாய், இல்லாட்டி ஏன் எடுக்கேல்லை எண்டுவாய். அவள் ஒண்டும் கேக்கிறேல்லை. சிரிக்கிறாள். பாடுறாள். நாள் முழுக்க மாடாய் உழைச்சுப்போட்டு வாறவனுக்கு வேறை என்ன வேணும்?”

“அப்ப நான்?”

“நீயும் அவளும் ஒண்டுதானே.” கடைக்காரன் பழசுக்குப் புதுசு மாற்றித் தருகிற இலகுவோடு சொன்னான். “வெள்ளிக்கிழமை வாறன். அந்தப் போனை மட்டும் எறிஞ்சுபோடாதை.”

எறி, எறி என்று சொன்ன அதே வாய். பேய்க்குப் பயப்படுவதா, புருஷனை நினைத்து அழுவதா? இரண்டையும் செய்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். அணைக்கட்டில் ஏறி நின்று கையை ஓங்கினாள். போன் அழத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அழுத அதே அழுகை. “பிள்ளை இல்லாமல் போச்சு… ஒருக்கா எடுங்கோ… ஒருக்காப் போனை எடுங்கோ…” அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை, இறப்புப் பத்திரமும் இல்லை. அது இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சம் இந்த அழுகை மட்டும்தான். ஓங்கிய கை தானாக இறங்கியது. போனைத் திரும்பக் கொண்டுவந்து பையில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாகனம் வந்து நின்றது. மழை. சுரேகா இருந்ததில் நல்ல சேலையை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மனம் எவ்வளவு கசந்து கிடந்தாலும், நேரே கண்டால் மாறிவிடுவான் என்று ஒரு நப்பாசை.

வினோதன் இறங்கினான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்தான். அயல்வீட்டுக்காரிக்குத் தலையாட்டுவது போல ஒருதரம் ஆட்டினான். சப்பாத்தையும் கழற்றாமல் அவளைக் கடந்து அறைக்குள் போனான்.

“இஞ்சேருங்கோ…” என்று கூப்பிட்டாள். குரல் பாதியில் கம்மியது.

“இஞ்சேருங்கோ” என்றது அலுமாரி. கொஞ்சலாக.

அவன் சிரித்தான்.

அவள் அறை வாசலுக்கு ஓடினாள். திறப்பு அவளுடைய கழுத்தில்தான் இருந்தது. பூட்டு உள்ளேயிருந்து திறந்தது.

டொக்.

கதவு ஒரு சாண் விலகியது. பவுடர் மணம். தொங்குகிற சேலைகள். நடுவில் இருட்டு.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவளுடைய கை. கட்டைவிரலில் அரிவாள் வெட்டிய அதே தழும்பு. ஆனால் வெடிப்பில்லை. தேய்வில்லை. கடலை உடைத்தே அறியாத கை.

வினோதன் மேசையில் கிடந்த புதுப் போனை எடுத்து அந்தக் கையிடம் நீட்டினான். விரல் திரையில் பட்டது.

போன் உடனே திறந்தது.

அதன் வெளிச்சம் சேலைகளுக்கு நடுவில் ஏறி, அங்கே சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் விழுந்தது. சுரேகா அவன் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொருதரம் திறந்தாள். வரவில்லை.

“களைச்சுப் போனீங்களப்பா” என்றது அலுமாரிக்குள் அவளுடைய குரல். “சாப்பிட்டீங்களோ?”