வலப்பக்க இருக்கை

சக்கரம் தரையைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால், டாக்டரின் வலது காலடியில் இருந்த பெடல் தானாக உள்ளே போய்த் திரும்பி வந்தது. அவள் மிதிக்கவில்லை. ஷூவுக்கு அடியிலிருந்து அது நழுவிப் போனதும், பிறகு வந்து பாதத்தைத் தொட்டதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கோணலாக இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் மூக்கு ஓடுபாதையின் வெள்ளைக் கோட்டுக்கு நேராக வந்தது. சக்கரங்கள் சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தன.

“பிரமாதம் டாக்டர்!” என்றார் வலப்பக்க இருக்கையில் இருந்த கேப்டன். “நான் எதையும் தொடல. முழுக்க நீங்கதான்.”

பொய், என்று நினைத்துக்கொண்டாள். வாயில் சொன்னது வேறு: “தேங்க்ஸ் சார்.”

அவள் பல் டாக்டர். இருபது வருடமாக ஊரார் வாய்க்குள் கைவிட்டுப் பிழைப்பவள். எச்சில் உறிஞ்சும் குழாயை உதவியாளர் ஒரு மயிரிழை நகர்த்தினாலும், நிமிர்ந்து பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கையை ஏமாற்ற முடியாது, காலையும்தான். அந்தக் குட்டிப் பயிற்சி விமானத்தில் இருக்கைகள் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்டியரிங், கீழே ஒரு ஜோடி பெடல். இரண்டும் அடியில் கம்பியால் பிணைக்கப்பட்டவை. வலப்பக்கத்தில் மிதித்தால் இடப்பக்கத்திலும் உள்ளே போகும். அப்படியானால் மிதித்தது யார்? கேப்டன்தான். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

வேறொருத்தியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். டாக்டரால் அப்படி விட முடியவில்லை. எட்டு வயதில் அண்ணன் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தான். “விட்டுட்டேன், விட்டுட்டேன்!” என்று கத்திக்கொண்டே கேரியரைப் பிடித்தபடி தெருமுனை வரை ஓடிவந்திருக்கிறான். தனியாக ஓட்டினேன் என்று அவள் வீடு முழுக்கப் பெருமையடித்த பிறகுதான் அதைச் சொன்னான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகும் அப்படியே போயிற்று வாழ்க்கை. படிப்பு அப்பா தேர்ந்தெடுத்தது, கிளினிக் மாமனார் வைத்துக்கொடுத்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒரே ஒரு காரியத்தை, பின்னால் எவர் கையும் இல்லாமல் செய்து பார்க்க வேண்டும். ஒரு சுற்று, தனியாக ஏறித் தனியாக இறங்க வேண்டும். அதற்காகத்தான் வாரம் இருமுறை நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு இங்கே வந்தாள்.

கணவர் கேலி செய்யாத நாள் இல்லை. “யாராவது பின்னாடி நின்னு ‘வா வா’ன்னு சொல்லாம நீ காரை ரிவர்ஸ் எடுத்ததே கிடையாது. ஆகாசத்துல யார் நிப்பா?”

“ஒருத்தரும் நிக்க வேண்டாம்.”

“சரி தாயே. கீழ வந்ததும் ஒரு போன் பண்ணு.”

அடுத்த பாடத்தில் அவள் கண் முன்னால் பாதி, பக்கத்தில் பாதியாக இருந்தது. மாலை நான்கு மணி வெயில் கண்ணாடியில் காய்ந்தது. பெட்ரோல் வாடை, சூடேறிய ரெக்சின் வாடை, அதற்கும் அடியில் இன்னொன்று. தொழில் காரணமாக அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். நெடுநாள் மூடியே கிடந்த வாயைத் திறந்தால் வருகிற வாடை. கேப்டனுக்கு ஈறு வியாதி இருக்கும் என்று மனத்துக்குள் ஒரு குறிப்பு எழுதினாள். ஆனால் அவர் பேசியபோது புதினா மிட்டாய் மட்டுமே மணத்தது.

மேலே போனதும் வழக்கமான பயிற்சி. யார் கையில் விமானம் இருக்கிறது என்பதில் குழப்பமே வரக்கூடாது என்று முதல் நாளிலிருந்து அவர் அவளுக்குள் ஏற்றிய மந்திரம் அது.

“கண்ட்ரோல் என்கிட்ட,” என்பார் கேப்டன்.

“கண்ட்ரோல் உங்ககிட்ட.” அவள் கைகளைச் சட்டென்று தூக்கி மடியில் வைத்துவிட வேண்டும். யோசிக்கக்கூடாது.

“கண்ட்ரோல் என்கிட்ட,” என்று அவர் மறுபடி சொன்னால்தான் முடிந்தது. நூறு தடவையாவது சொல்லியிருப்பார்கள். இப்போதெல்லாம் அந்த முதல் வரி காதில் விழுந்தாலே அவள் கைகள் தாமாக எழும்பின. கிளினிக்கில் ஒருநாள் ரேடியோவில் யாரோ ‘கண்ட்ரோல்’ என்று சொன்னபோது கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே போட்டாள்.

இறங்கும்போது அவள் துணிந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள். கேப்டன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகியிருந்தார். கால்கள் மடங்கி இருக்கைக்கு அடியில் இருந்தன. அவர் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெடல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. விமானம் அழகாக இறங்கியது.

எஞ்சின் நின்றது. சூடான உலோகம் டக் டக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

“டாக்டர், இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது கத்துக்கிட்டீங்களா?”

“இல்லையே. ஏன் சார்?”

“தரையைத் தொடுறதுக்கு முன்னாடி வலது காலால ஒரு தட்டுத் தட்டுறீங்க. நான் அதைச் சொல்லிக்கொடுக்கல.”

“நான் தட்டல. நீங்கதான் தட்டுறீங்க.”

அவர் அவளையே பார்த்தார். அவளும் விடவில்லை. மற்றவர் பொய் சொல்கிறார் என்று இருவருமே நினைத்தார்கள்.

“எனக்கு முன்னாடி இங்க ஒருத்தர் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தார்,” என்றார் கேப்டன். “அவர் அப்படித்தான் தட்டுவார். மாணவங்களை நம்பவே மாட்டார். கடைசி வரைக்கும் கையை எடுக்க மாட்டார்.”

“இப்ப எங்க இருக்கார்?”

கேப்டன் தான் உட்கார்ந்திருந்த இருக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெடலைச் சோதிக்கச் சொன்னாள். அவர் கீழே படுத்து, கம்பிகளை இழுத்துப் பார்த்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். “எல்லாம் கச்சிதமா இருக்கும்மா. யாராச்சும் மிதிச்சாத்தான் அசையும்.”

அன்றிரவு அவள் கணவரிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே பயிற்சி நின்றுவிடும். ஏதோ தந்திரம் இருக்கிறது, கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அதற்கடுத்த பாடத்தில் ஒரே ஒரு சுற்று. இறங்கியதும் கேப்டன் எஞ்சினை அணைக்கச் சொல்லவில்லை. தன் ஹெட்செட்டைக் கழற்றி, ஒயரையும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, கதவைத் திறந்தார்.

“இன்னிக்கு நீங்க தனியாப் போறீங்க.”

“இவ்வளவு சீக்கிரமாவா?”

“தயாராயிட்டீங்க.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே நின்றபடி காலி இருக்கையின் பெல்ட்டை மாட்டி, வாரை இழுத்தார். பெல்ட் ஸ்டியரிங்கில் சிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள்தான். ஆனால் அவர் காலை ஊன்றிக்கொண்டு, நரம்பு புடைக்க, இரண்டு தடவை இழுத்தார். ரெக்சினில் பள்ளம் விழும் அளவுக்கு அது தட்டையாகப் படிந்தது. “நான் கீழே வாக்கி-டாக்கியோட இருப்பேன். நான் இருக்கும்போது ஆயிரம் அடி உயரம் எட்ட, கீழே தெரியுற தண்ணீர்த் தொட்டியைத் தாண்டணும், இல்லையா? இப்ப ஒரு ஆள் எடை குறைவு. தொட்டிக்கு முன்னாடியே ஜிவ்வுன்னு ஏறிடும், பயந்துடாதீங்க. அப்புறம்... பக்கத்துல பார்க்காதீங்க. முன்னாடி பாருங்க.”

கதவைச் சாத்தினார். புல்வெளியைப் பார்த்து வேகமாக நடந்தார். ஏறக்குறைய ஓடினார்.

தப்பிக்கிறார், என்று அவளுக்குத் தோன்றியது. மறுநொடியே அதைத் தள்ளிவிட்டாள். இது அவள் சுற்று. இந்தச் சந்தோஷத்தைச் சந்தேகத்துக்குத் தின்னக் கொடுப்பதா?

விசையை முழுக்கத் தள்ளினாள். எஞ்சின் உறுமியது, வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்து மூக்குக்கு அடியில் மறைந்தன, ஸ்டியரிங்கை மெல்ல இழுத்ததும் சக்கரத்தின் கடகடப்பு அறுந்து, கீழே கொட்டகையும் கம்பி வேலியும் புல்வெளியில் நின்ற கேப்டனும் பொம்மைகளாகச் சுருங்க, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தனியாக. யார் கையும் இல்லாமல். கண்ணில் நீர் வந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டி எதிரே வந்தது. உயரமானியைப் பார்த்தாள். எழுநூறு.

எண்ணூறு.

தொட்டி இறக்கைக்கு அடியில் கடந்து போனது. எண்ணூற்று ஐம்பது.

ஜிவ்வென்று ஏறவில்லை. சற்று முன்பு கேப்டனோடு ஏறியது போல, போன வாரம் போல, இரண்டு ஆள் எடையோடு முக்கிக்கொண்டு ஏறியது. வெயிலாக இருக்கும், காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாகப் பறந்தாள். எஞ்சின் ஓசைக்கு நடுவே ஹெட்செட்டில் ஒரு சத்தம். மூச்சு. அவளுடையதுதான். மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

அந்த வாடை வந்தது. நெடுநாள் மூடியிருந்த வாய், திறந்திருந்தது. பக்கத்திலேயே.

முன்னாடி பாருங்க. முன்னாடி. முன்னால் வயல்கள், ஒரு சாலை, ஒரு வெள்ளைக் கார். பெடல் அசைந்தது. லேசாக. காலை வைத்துப் பார்க்கிறவர் மாதிரி.

அவள் பார்த்துவிட்டாள்.

இருக்கை காலிதான். ஆனால் தட்டையாக இழுத்துக் கட்டிய பெல்ட் தட்டையாக இல்லை. ரெக்சினை விட்டு ஒரு முழம் எழும்பி, ஒரு வயிற்றைச் சுற்றியதுபோல வளைந்து, வெறுங்காற்றில் நின்றது. வாரின் நுனி துடித்தது. பெல்ட் மெல்ல மேலே எழுந்தது. கீழே இறங்கியது. காதிலிருந்த மூச்சோடு சேர்ந்து.

“கண்ட்ரோல் என்கிட்ட,” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அவள் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கைகள் நினைக்கவில்லை. சட்டென்று எழும்பி மடியில் போய் விழுந்தன. வாய் திறந்துகொண்டது.

“கண்ட்ரோல் உங்ககிட்ட.”

“டாக்டர்?” வானொலியில் கேப்டன் கத்தினார். “இடது பக்கம் திரும்பணும்! ஏன் வலப்பக்கம் போறீங்க? டாக்டர், விமானம் உங்க கையிலதானே இருக்கு?”

ஸ்டியரிங் அவள் முன்னால் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிடிக்க வேண்டும். கைகள் வரவில்லை. ஓடுபாதை இடப்பக்க ஜன்னலில் பின்னோக்கி நகர்ந்து, ஒரு கோடாகி, மறைந்தது.

பக்கத்தில் பெல்ட் நிதானமாக எழுந்து இறங்கியது. அவள் காலடியில் வலது பெடல் உள்ளே போனது.

இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

“கண்ட்ரோல் என்கிட்ட.”