நான்காம் வார்டின் தொலைக்கரம்

மருத்துவமனைக்குள் ஓடக் கூடாது என்பது விதி. பாதுகாப்பு உடையோடு ஓடவும் முடியாது. நர்ஸ் தவமணி ஓடினாள். கையில் செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி.

காதுக்கருவியில் கட்டுப்பாட்டு அறை மைதீன் கத்தினார். "ஏ தவமணி, ஒலிம்பிக்ஸுக்கா போற? உடை கிழிஞ்சா அடுத்த கட்டில் உனக்குத்தான்!"

"கட்டிலைத் தட்டிப் போட்டு வைங்கண்ணே. முதல்ல சிங்காநல்லூர் பொண்ணோட லைனைக் குடுங்க."

நான்காம் வார்டின் கண்ணாடிக் கதவு பிளந்தது. ஜன்னலோரக் கட்டிலில் சங்கரலிங்கம். பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். தொண்டையில் குழாய். தவமணி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டிலோரம் நின்ற தொலைக்கரத்தின் அடியில் பேட்டரியைச் சொருகினாள். சிலிகான் விரல்கள் துடித்து, உடம்புச் சூட்டுக்கு வந்தன.

சாம்பல் காய்ச்சல் என்ற இந்தத் தொற்றின் முதல் அலையில், சாகிறவர்களை உறவுக்காரர்கள் காணொளியில் பார்த்துத்தான் வழியனுப்பினார்கள். குழாய் செருகிய முகத்தைத் திரையில் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு அந்தப் பழைய முகம் நினைவுக்கு வரவேயில்லை. பைத்தியம் பிடித்தவர்கள் கூட உண்டு. அரசு காணொளியைத் தடை செய்தது. தொடுகை மட்டும் மிஞ்சியது. மூடிய மாவட்டத்துக்கு அப்பால் உறவுக்காரர் உணர்கையுறையை மாட்டிக்கொண்டால், இங்கே தொலைக்கரம் நோயாளியின் கையைப் பிடிக்கும். நோயாளி அழுத்தினால் அங்கே உறைக்குள் தெரியும். யாரும் தனியாகச் சாகக் கூடாது என்பது சட்டம். இதயம் நின்ற நொடியில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

"தவமணி, என் திரையில அவர் நாடியே வரலையே."

"வயர் கழண்டுருக்கு. மாட்டுதேன்."

"சீக்கிரம். ஒன்பதாம் கட்டிலுக்குக் கரம் வேணும்."

"ஒன்பதாம் கட்டிலோட மவன் இன்னும் உறையே வாங்கல, எனக்குத் தெரியாதா? வாயை மூடிட்டு லைனைப் போடுங்கண்ணே."

பச்சை விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் மூச்சு வாங்கியது. "அக்கா, நான் யாழரசி. உறையை மாட்டிட்டேன். அப்பா முழிச்சிருக்காங்களா?"

"பேசும்மா. குழாய் இருக்கதால அவங்களுக்குப் பேச்சு வராது. கைதான் பதில்."

யாழரசி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குப் போனவள். அன்றோடு அப்பா பேச்சை நிறுத்தினார். அவளை இந்த இணைப்புக்குக் கொண்டுவரத் தவமணி பட்ட பாடு கொஞ்சமல்ல. 'என் கை பட்டாலே உதறிடுவாருக்கா' என்று மூன்று முறை போனை வைத்தவள் அவள்.

தொலைக்கரம் தயங்கித் தயங்கித் தாழ்ந்தது. அதன் விரல்கள் ஒரு உள்ளங்கையைக் கண்டுபிடித்தன.

"அப்பா..." குரல் உடைந்தது. "என்மேல இன்னும் கோவமா? இல்லன்னா ஒரு தடவை அழுத்துங்க."

கரம் அழுத்தப்பட்டது. விடாமல், நெடுநேரம்.

அழுகை ஒலிபெருக்கியை நிறைத்தது. நடுநடுவே அவள் என்னென்னவோ சொன்னாள். பேத்திக்கு முன்பல் விழுந்ததை. வீட்டுக்காரர் முட்டைக் குழம்பு வைக்கிறேன் என்று அடுப்படியையே கொளுத்தப் பார்த்ததை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய அழுத்தம் போயிற்று.

"தவமணி," மைதீனின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "வயர் கழண்டுருக்குன்னு இன்னும் எவ்வளவு நேரம் சொல்லப் போற?"

"அந்தப் பொண்ணு முடிக்கிற வரைக்கும். வேணும்னா என்மேல புகார் எழுதுங்க."

மைதீன் எழுதவில்லை. இணைப்பையும் வெட்டவில்லை.

திடீரென்று யாழரசியின் அழுகை நின்றது. "அக்கா. அப்பா எப்போ போனாங்க?"

தவமணியின் விரல்கள் சிலிகான் விரல்களுக்குள் உறைந்தன.

"எங்கப்பா உள்ளங்கையைப் பிடிச்சதே கெடையாதுக்கா. மணிக்கட்டைத்தான் பிடிப்பாங்க. ரோட்டுல, தேரோட்டக் கூட்டத்துல, எங்கயும். கையைப் பிடிச்சா நழுவிருவேனாம். நீங்க நல்லாத்தான் பிடிச்சீங்க. ஆனா அது அவங்க பிடி இல்ல."

பொய் சொல்லத் தெம்பு மிச்சமில்லை. "நான் பேட்டரியோட திரும்பி வாரதுக்குள்ளம்மா."

"தனியாவா?"

தவமணி தன் இடது கையைப் பார்த்தாள். உடையின் விளிம்பில், மணிக்கட்டைச் சுற்றி, கசங்கிய விரல் தடங்கள் இன்னும் நிமிரவில்லை.

"காலையிலேருந்து என் மணிக்கட்டைத்தாம்மா பிடிச்சிருந்தாங்க. விடவே இல்ல. உன் கை வந்து சேரட்டுமேன்னு, நான்தான் அந்த விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டுட்டு பேட்டரி எடுக்க ஓடுனேன்."