பெயிண்ட் வாளியும் பேட்டரி மோட்டாரும்

ஜெபிஷாவுக்குக் காலில் சக்கரம் என்று எல்லாரும் சொல்வார்கள். வகுப்பில் பெஞ்சு ஆடினால் போதும், டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே "ஜெபிஷா!" என்பார். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, வேறு யார் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள்.

அன்று சனிக்கிழமை. படகுக்குப் புது மோட்டார் வாங்கும் நாள். அன்றைக்கு அவள் ஓர் இடத்தில் இருந்திருந்தால்தான் அதிசயம்.

குளத்தூர்ப் பக்கம், காயல் கரையை ஒட்டி அவர்கள் வீடு. அப்பா சிபி சின்னப் படகில் போய் வீச்சுவலை போட்டுக் கரிமீன் பிடிப்பார். டீசல் எஞ்சின் தடதடத்தால் மீன்கள் ஓடி ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பேட்டரியில் ஓடும் மோட்டார். அந்த மோட்டார் போன வாரம் நடுக்காயலில் இரண்டு முறை இருமிவிட்டு அப்படியே நின்றுபோனது. அப்பாவும் அம்மாவும் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தார்கள்.

"நல்லா பாத்து எடுங்க. பாசி சுத்திக்கிடுற மாதிரி எடுத்துராதீங்க" என்றார் அம்மா, வாசலில் நின்றபடி.

"எனக்குத் தெரியாதா லிஜி?" என்றார் அப்பா.

அம்மா வாசலில் கிடந்த பழைய மோட்டாரைச் சுவரோரம் தூக்கி வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ரதீஷ் மாமா வெளியே வண்டியின் ஹாரனை அடித்தார். அவர் அம்மாவின் தம்பி. மாமாவுக்கு எதுவும் பெரிதாக இருந்தால்தான் பிடிக்கும். ஃபோன் பெரிது, மீசை பெரிது, ஹாரன் எல்லாவற்றையும்விடப் பெரிது.

வண்டி கிளம்பியதும் ஜெபிஷாவின் மனசுக்குள் ஏதோ குடைய ஆரம்பித்தது.

"அப்பா, நாம எதையோ மறந்துட்டோம்."

"வயர் எடுத்தாச்சு. குடை எடுத்தாச்சு. வேற என்ன?"

"தெரியல்ல. ஆனா மறந்துட்டோம்."

"சும்மா இரு மக்கா. வண்டியே ஆடுது" என்றார் மாமா.

நெய்யாற்றின்கரைக் கடையில் பம்பு, கயிறு, பெயிண்ட், மின்விசிறி எல்லாம் குவிந்து கிடந்தன. மூலையில் ஒரு மரச்சட்டத்தில், படகில் மாட்டுகிற உயரத்திலேயே, மூன்று மோட்டார்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கைப்பிடி, நடுவில் நீளமான தண்டு, அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. கடைக்கார அண்ணன் அஜீஷ் பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார்.

"எல்லாம் ட்ரோலிங் மோட்டாராக்கும் சேட்டா. உப்புத் தண்ணியில துருப்பிடிக்காது. சத்தம் கிடையாது. புகை கிடையாது..."

"எலே, இதுல பெருசு எது? அதச் சொல்லு" என்றார் மாமா.

அஜீஷ் பெரிய மோட்டாரைக் காட்டினார். கறுப்பாக, பளபளவென்று இருந்தது. தண்டு மற்ற இரண்டையும்விட நீளம். அப்பா அதன் பக்கத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். அவர் நெஞ்சுக்கு வாகாக இருந்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உண்டு" என்றார் மாமா, ஏதோ தானே செய்த மாதிரி.

"இது ஒண்ணுதான் மிச்சம். பூவாற்றுக்காரர் ஒருத்தர் இதுக்குன்னே வாறேன்னு சொல்லியிருக்கார். சீக்கிரம் சொல்லணும். அப்புறம் ஒரு காரியம். தண்ணியில ஒரு தடவ நனைஞ்சா திருப்பி எடுக்க மாட்டோம், கேட்டியளா."

அப்பா தலையை ஆட்டினார். பெரியதையே எடுத்துவிடுவார் போலிருந்தது.

ஜெபிஷாவால் நிற்க முடியவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தாள். விசிறியின் ஸ்விட்சைப் போட்டாள். "ஜெபிஷா!" என்றார் அப்பா. உடனே அணைத்தாள். ஒரு காலி பெயிண்ட் வாளி அகப்பட்டது. அதை உருட்டிக்கொண்டே வந்து, மரச்சட்டத்தின் பக்கத்தில் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

வாளி, படகின் பின்னால் உட்காரும் பலகை அளவுக்குத்தான் உயரம். உட்கார்ந்ததும் அவள் கை தன்னாலே மோட்டாரின் கைப்பிடியைத் தேடியது. அது கிடைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடி அவள் தலைக்கு மேலே இருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மறந்தது என்னவென்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா! இந்த மோட்டார ஓட்டப்போறது யாரு?"

"இதென்ன கேள்வி? நாமதான்."

"நாமன்னா யாரு?"

அப்பா மோட்டாரைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

படகில் அப்பா முன்னால் நின்று வலை வீசுவார். பின்னால் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, மோட்டாரைப் பிடித்துப் படகைத் திருப்புவது அம்மா. பழைய மோட்டார் வந்த நாளிலிருந்து அப்படித்தான். வலை கையிலிருக்கும் அப்பா அந்தக் கைப்பிடியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் மோட்டார் வாங்க அம்மாவைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை!

"அம்மா என்னவிடக் கொஞ்சம்தான் பொக்கம். நாள் பூரா இப்படிக் கையத் தூக்கிப் பிடிச்சா தோளு என்னத்துக்கு ஆவும்?" என்றாள் ஜெபிஷா, தன் தலைக்கு மேலே நான்கு விரல் உயரம் காட்டி.

"தண்டக் கீழ இறக்கி மாட்டலாமே" என்றார் அஜீஷ்.

"எங்க காயல்ல அவ்வளவு ஆழம் இல்ல அண்ணா. இறக்கினா விசிறி சேத்துல முட்டும்."

அஜீஷ் இறக்கப் போன தண்டை அப்படியே விட்டுவிட்டார்.

மாமா மீசையைத் தடவினார். "அதுக்கென்ன? பெருசையே எடுப்போம். அக்கா கரையில இருக்கட்டு. நான் வந்து ஓட்டுதேன்."

வீட்டில் இருக்கும் அம்மாவும் படகில் இருக்கும் அம்மாவும் ஒரே ஆள் இல்லை. வீட்டு அம்மா அதிகம் பேசமாட்டார். படகு அம்மா துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பார். "இடப்பக்கம் வீசுங்க! எங்க பாக்குதீங்க?" என்று அப்பாவையே அதட்டுவார். பெரிய மோட்டார் வந்தால் அந்த அம்மா கரையில் நின்றுவிடுவார். ஜெபிஷாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் மாமா மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பேச்சை முடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அழவில்லை.

"சரி மாமா. விடியுறதுக்கு முன்னால படகு எறங்கணும். நீங்க வந்திருவீங்களா?"

மாமா தடவிய மீசையை விட்டுவிட்டார். "முன்னாலன்னா? எவ்வளவு முன்னால?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவை வெயில் வந்து எழுப்பினாலும் புரண்டு படுப்பார் என்பது ஊருக்கே தெரியும்.

சிரித்து முடித்ததும் அப்பாவின் முகம் மாறியது. ஃபோனை எடுத்தார்.

"லிஜி, நீ ஒடனே பஸ்ஸு பிடிச்சு வா. ஒனக்க மோட்டார நீயே வந்து பாரு. ஒன்னக் கூட்டாம வந்தது தப்பாப் போச்சு."

"அடுப்புல கிழங்கு கெடக்கு" என்றது அம்மாவின் குரல்.

"கெடக்கட்டு. வா."

"வாறேன்."

ஜெபிஷா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலுக்கு ஓடினாள். பஸ் வந்தது, அம்மா வரவில்லை. அம்மாவுக்குப் பதில் பூவாற்றுக்காரர் வந்து சேர்ந்தார். நேராகப் பெரிய மோட்டாரின்மேல் கையை வைத்தார்.

"சேட்டா, வேணுமா வேண்டாமா? இப்பமே சொல்லணும்" என்றார் அஜீஷ்.

அப்பா பெரிய மோட்டாரைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட வாளியைப் பார்த்தார்.

"அவருக்கே குடுத்திரு" என்றார்.

பளபளத்த மோட்டார் படியிறங்கிப் போவதை மாமா, தன் சொந்தக்காரர் யாரோ வெளிநாடு போவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பஸ்ஸில் அம்மா வந்தார். வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தவர், யாரும் சொல்லாமலே நேராக வாளியில் போய் உட்கார்ந்தார்.

"இத யாரு இங்க வச்சது? சரியான பொக்கமாக்கும்!"

ஜெபிஷா அந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

அம்மா மீதி இரண்டு மோட்டாரையும் பிடித்தார், திருப்பினார். ஒவ்வொன்றையும் கழற்றச் சொல்லி, தண்ணீர்க் குடம்போல இடுப்பில் வைத்துக் கடைக்குள் நடந்தார். தினமும் கரையிலிருந்து மோட்டாரை வீட்டுக்குச் சுமப்பதும் அவர்தானே! கடைக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"சத்தம் உண்டா?"

"ஒட்டும் இல்ல சேச்சி. மீனுக்குக் கேக்கவே கேக்காது."

"மீனு வந்து சொல்லிச்சா?"

அஜீஷ் பேட்டரியை மாட்டினார். முதல் மோட்டார் கொஞ்சம் ஓடியதும் அம்மா உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது ஓடியபோது கண்ணை மூடிக்கொண்டார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. டக், டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஜெபிஷா!" என்றார்கள் அப்பாவும் அம்மாவும் மாமாவும்.

ஜெபிஷா வாளியை உதைப்பதை நிறுத்தினாள். இப்போது வண்டு முணுமுணுப்பதுபோல ஒரு சின்னச் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது.

"இதாக்கும்" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் மூன்று பேரும் படகில் போனார்கள். அப்பா முன்னால் நின்று வலையை விரித்துப் பிடித்திருந்தார். அம்மா பின்னால் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தார். நடுவில் ஜெபிஷா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். படகு ஆடிக்கொண்டே இருந்தது.

"இப்பிடி வா" என்று அம்மா பலகையில் நகர்ந்து இடம்விட்டார். அவள் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தார்.

கைப்பிடி கைக்கு எட்டியது. லேசாகத் திருப்பினாள். படகும் லேசாகத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அதுவும் கொஞ்சம் திரும்பியது.

முன்னால் நின்ற அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. படகு ஆடவில்லை. பின்னாலிருந்து பேச்சுச் சத்தமும் இல்லை. பயந்துபோய்த் திரும்பினார்.

"லிஜி, பிள்ள எங்க?"

"ஷ்ஷ்!" என்றாள் ஜெபிஷா, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். "சும்மா இருங்க அப்பா. மீனு ஓடிரும்."