வெண்ணெய் பூசிய முகம்

"உன் கையால கிண்டின கஞ்சி எனக்கு வேணாம்டி! என் மகன் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட கை அது!"

மாமியார் தள்ளிய வேகத்தில் கம்பங்கஞ்சி முற்றத்தில் சிதறியது. சலமதா குனிந்து துடைத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன், சினிமாப் படப்பிடிப்பில் முதல் நாள் காட்சியை எடுத்து முடித்த பிறகுதான் டைரக்டர் கவனித்தார். நடிகை முகத்தில் பவுடர் இல்லை, ஊர்ப் பெண்கள் மேலுக்குத் தடவும் ஷியாக்கொட்டை வெண்ணெய் பளபளத்தது. "எவன் வேலை இது? இப்பவே வெளிய போகட்டும்!" என்று குதித்தார். சலமதாவின் புருஷன், கேமராமேன் ரஸ்மனேயின் முகம் வெளிறியது. ஒப்பனைக்கு ஒத்தாசையாக வந்திருந்த அவள் முந்திக்கொண்டாள். "நான்தாங்கய்யா... தெரியாமப் பூசிட்டேன்."

புருஷனுக்காகப் பொய் சொல்ல யார்தான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தார்களோ! அவன் மறுக்கவில்லை. வாகடூகு நகரம் முழுக்க அவளைத் தூற்றியபோதும் மறுக்கவில்லை.

பாரிஸில் கழுவிய படச்சுருள் நேற்று வந்தது. இன்று காலை போட்டுப் பார்க்கிறார்கள். படம் கெட்டிருந்தால் அவள் அப்பன் வீட்டுக்குப் போகவேண்டும். அவள் பெற்ற இரண்டு வயதுக் குழந்தை அலிமதா இங்கேயே இருக்கும். பிள்ளை தகப்பன் குடிக்குத்தானே சொந்தம்!

வாசலில் மொபெட் நின்றது. ரஸ்மனே துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா! நம்ம கறுப்பு மொகம் அப்படியே பேசுதும்மா! டைரக்டர் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு. பவுடரைப் பூசிச் சாம்பலாக்குனது போதும்... வெளிச்சத்தை வெள்ளைத் துணியில அடிச்சுத் திருப்பி, வெண்ணெய் தடவின கன்னத்துல விழ வெச்சது யாரு? நான்! ஆறு மாசமா நான் யோசிச்ச வித்தை! அடுத்த படமும் எனக்குத்தான்!"

"உன் வித்தையா?" மாமியார் மெல்ல எழுந்தாள். "அப்போ இவ...?"

அவன் தலை கவிழ்ந்தது.

"அடப்பாவி! பழி வந்தப்போ பொண்டாட்டி, பேரு வந்தப்போ நீயா? இவளை நான் என்னென்ன பேசிட்டேன்... என்னையும் பாவியாக்கிட்டியேடா!"

சலமதா கையைத் துடைத்துக்கொண்டு துணி மூட்டையை எடுத்தாள். "நீங்க துரத்தாட்டியும் நானே போறேன் அத்தை. இனிமே இங்க என்னால மூச்சு விட முடியாது."

பிள்ளையின் பக்கம் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாமியார் உள்ளே ஓடி அலிமதாவைத் தூக்கி வந்தாள். மருமகளின் முதுகில் வைத்துத் தன் மேல்துணியால் இறுகக் கட்டினாள். முடிச்சுப் போட்ட கையோடு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தூக்கிட்டுப் போ தாயி! குடும்பத்துல எவன் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்."

பிறகு மகனிடம் திரும்பினாள். "நீ மன்னிப்புக் கேக்க வைக்கிற கோலாக்கொட்டையை வாங்கிக்கிட்டு உன் மாமனார் வாசல்ல போய் மண்டி போடு. நாலு பேர் முன்னால உண்மையைச் சொல்லு. இவ மனசு எறங்கி வந்தா, இவகூட வா... இல்லேன்னா, இந்தப் பக்கம் வராத!"